பானை நிறைந்தால் ஆள் இல்லை

பதினொன்று. இந்த எண்ணை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு தக்காளிக் காலம் அந்த வீட்டுக்கு வந்து போனது. ஒன்றில்கூட அந்தக் குடும்பத்தின் நாலு பேரும் ஒரே வேளையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. சண்டை கிடையாது. சொத்துத் தகராறு கிடையாது. யாரும் யாரிடமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கம்பெனி ஓடியது. அதுதான் காரணம்.

காயையும் பழத்தையும் வேகவைத்து டப்பாவில் அடைக்கிற கம்பெனி அது. அங்கே நான் சங்கச் செயலாளராக இருந்தேன். இந்தக் கதைக்கு உரியவர் பொறுக்கு மேசையில் நின்ற ஒரு பெண்மணி. லாரியில் வந்து இறங்கும் சரக்கு கழுவப்பட்டு, பெல்ட்டில் ஏறி, அந்த மேசை வழியாகத்தான் உள்ளே போகும். இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். நசுங்கியது, வெடித்தது, புழு விழுந்தது, கோணல்மாணலாக வளர்ந்தது எல்லாவற்றையும் ஓடுகிற பெல்ட்டிலிருந்து பொறுக்கிக் காலடிக் கூடையில் போட வேண்டும். கண் பெல்ட்டில் இருக்கும், கை கூடையில் இருக்கும், வாய் பக்கத்து ஆளிடம் இருக்கும்.

கூடையில் விழுந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சங்கம் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொன்றிலும் கத்தி பட்டிருக்க வேண்டும். முழுசாக வெளியே போனால் நேராகச் சந்தைக்குப் போய்விடும் என்பது முதலாளியின் பயம். கீறின தக்காளியை எவன் வாங்குவான்? அன்றைக்கே சமைத்துத் தின்றால் உண்டு, விட்டால் ஈக்கு. பட்டாணிக்கு எங்கே கீறுவது என்று யோசித்தவர்கள், உரித்த பட்டாணி மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்து அனுப்பினார்கள். மூளை அப்படி வேலை செய்தது. அதனால் பட்டாணிக் காலத்தில் எங்கள் தொழிலாளி வீடுகளில் குழம்புக்கு உப்பு போடும் வேலை மிச்சம்.

ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் மற்றவர்கள் தக்காளியைச் சரக்சரக்கென்று குறுக்கே வெட்டிப் போடுவார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் பாதிச் சாறு பையில் இருக்கும். இவர் மட்டும் காம்புக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு கீறல் போடுவார். ஒரு சொட்டு வெளியே வராது. மெல்ல மெல்ல எல்லாருடைய கூடையும் இவரிடம் வந்தது. 'கத்தியம்மா' என்ற பெயரும் அப்படித்தான் வந்தது.

கேட்டில் வாட்ச்மேன் தினம் ஒரு தகராறு வைப்பார்.

"என்னம்மா இது, வெட்டா, கொசுக்கடியா?"

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்கண்ணே."

"தொடச்சுட்டேன். ஒண்ணும் தெரியல."

"அப்ப டாக்டரைப் பாருங்க. எனக்கு வீட்ல அடுப்பு காத்துக்கிட்டு இருக்கு."

அடுப்பு காத்திருந்தது உண்மை. ஆள் காத்திருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த வீட்டில் நாலு பேர். கத்தியம்மாவுக்குப் பகல் ஷிஃப்ட். அவர் கணவர் அதே கம்பெனியில் பாய்லர் பார்ப்பவர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவரை இரவு ஷிஃப்ட்டில் போட்டார்கள், அப்புறம் மாற்றவே இல்லை. மகன் தோட்டங்களிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரி ஓட்டினான். அவனுக்கு இரவு பகல் என்று எதுவும் கிடையாது, சரக்கு பழுத்தால் வண்டி கிளம்பும். மகள் மூத்தவள். அம்மா பக்கத்தில் பொறுக்கு மேசையில் இரண்டு தக்காளிக் காலம் நின்றாள். பிறகு தூரத்து நகரம் ஒன்றுக்குப் போய், பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் சேர்ந்தாள். போய் ஆறு வருஷம். தக்காளிக் காலத்தில் வந்ததே இல்லை, அப்போதுதான் அங்கே ஹோட்டல் நிறையும்.

அந்த வீட்டு வருஷம் லாரியில் ஏறித்தான் வரும். குளிர் விடுகிற சமயத்தில் பட்டாணி. உருளைக்கிழங்கை மசித்து அதோடு சேர்த்து, வெங்காயத்தைக் கருக வதக்கி மேலே கொட்டுவார். வெயில் ஏறினால் தக்காளி. அதுதான் பெரிய காலம், கம்பெனி மூச்சுவிடாமல் ஓடும். கத்தியம்மா தக்காளிக்கு வேறு எதையும் சேர்க்க மாட்டார். பூண்டு, எண்ணெய், மிளகு, அவ்வளவுதான். சின்னத் தீயில் பொறுமையாக வற்றவிடுவார். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக நிற்க வேண்டும். அந்தத் தெருவில் யார் வீட்டில் எண்ணெய் பிரிந்தது என்று மூக்கால் சொல்லிவிடலாம். மழை பிடித்தால் அன்னாசி. அன்னாசி பொறுக்குகிறவர்களுக்கு விரல் நுனியில் தோல் இருக்காது, சோற்றில் கை வைத்தாலே எரியும், கரண்டியால்தான் சாப்பிடுவார்கள். அன்னாசியின் நடுத்தண்டை மிளகு போட்டு வேகவைத்து ஒரு புளிப்புக் குழம்பு. மழை நின்றால் பூசணி. பூசணிக்குள் இருக்கிற விதையைக் காயவைத்து வறுத்துத் தகர டப்பாவில் போட்டுவைப்பார், மகன் லாரியில் கொறிக்க.

அதற்குப் பிறகு சரக்கு இல்லாத மாதங்கள். கம்பெனி மூடிக் கிடக்கும். அப்போது எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அடுப்பில் காய்ந்த பயறும் வெங்காயமும் இருக்கும்.

"பானை நிறைஞ்சா ஆளு இல்ல. ஆளு நிறைஞ்சா பானை இல்ல" என்பார் கத்தியம்மா. குறை சொல்கிற குரலில் சொல்ல மாட்டார். இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரிதான் சொல்வார்.

தக்காளிக் காலத்தில் அந்தக் குடும்பம் சாப்பிட்ட விதம் இது. சாயங்காலம் அவர் சமைப்பார். கணவர் அதற்கு முன்பே பாய்லருக்குக் கிளம்பியிருப்பார். மகன் எப்போதோ வந்து, நின்றபடியே தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவான். காலையில் பாய்லர்காரர் வந்து ஆறிப்போனதைச் சாப்பிடுவார். அந்த நேரத்தில் கத்தியம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். புருஷன் பெண்டாட்டி பேச்சு வாசற்படியில் நடக்கும்.

"ஏங்க, உப்பு சரியா இருந்துதா?"

"நேத்து குழம்புக்கா, முந்தாநேத்து குழம்புக்கா?"

"ரெண்டுக்கும் சேத்துச் சொல்லுங்க, நேரமில்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் ஆறித்தான் இருந்துது."

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், தகரக் கொட்டகைக்கு அடியில் கத்தியம்மாவுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் எப்போதும் நிற்பவர் ஒரு அம்மாள், வாய் ஓயாததால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"என்னடி அப்படிச் சிரிப்பு? என்ன சொல்றா உன் மக?"

"அவ கடையில தக்காளி வாங்கியிருக்கா. பைய கீழ கொட்டி, கத்திய எடுத்து, ஒண்ணு விடாம காம்புகிட்ட கீறி வச்சுட்டுப் படுத்துட்டா. காலைல பாத்தா ரூம் பூரா ஈ."

"எதுக்குடி கீறினா?"

"நாம எதுக்குக் கீறறோம்?"

"நமக்குக் கேட்டு இருக்கு. அவளுக்கு எந்தக் கேட்டு?"

"அதத்தான் கூட இருக்கிற பொண்ணுங்களும் கேட்டுச்சாம். உங்க ஊருல தக்காளிக்கு ஆபரேஷன் பண்ணித்தான் வைப்பீங்களான்னு. இவ சொல்றா, யோசிச்சுப் பண்ணலம்மா, கை தானா போயிடுச்சுன்னு."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. கத்தியம்மாவும் இன்னொரு தரம் சிரித்தார். பிறகு கையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"என் பிள்ளைங்க நம்ம வீட்டு அடுப்படில முழுத் தக்காளியப் பாத்ததே இல்லடி" என்றார்.

அடுத்த தக்காளிக் காலத்துக்கு முன்னால் சங்கத்தில் கோரிக்கைகள் தயாராகிக்கொண்டிருந்தன. தண்ணீர் வழுக்கும் தரைக்கு ரப்பர் செருப்பு, கர்ப்பிணிகளுக்கு ஸ்டூல், இப்படி. பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். கத்தியம்மா கதவோரத்தில் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"தோழர், தக்காளிக் காலத்துல ஒரு நாள் கம்பெனி நிக்கணும்."

ஃபிட்டர் ஒருவர் சிரித்துவிட்டார். "கம்பெனி நிக்கும்மா. தக்காளி நிக்குமா?"

"ஒரே ஒரு நாள். நான், அவரு, பையன் மூணு பேரும் வீட்ல இருக்கணும். பொண்ணு வருவா. முழுத் தக்காளி வாங்கிச் சமைக்கணும். நாலு பேரும் ஒண்ணா உக்காரணும். அவ்வளவுதான்."

"இதெல்லாம் ஒரு கோரிக்கையாம்மா? குடும்ப விஷயம்."

ரேடியோ எழுந்தார். "ஏன்யா, ஒன் பொண்டாட்டி சோத்த மூடி வச்சுட்டு ஷிஃப்டுக்குப் போறாளே, நீ மூடியத் தொறந்து தின்னுட்டு ஷிஃப்டுக்கு வர்றியே, அவ மொகத்த நீ கடைசியா வெளிச்சத்துல எப்பப் பாத்த? அது யாரு விஷயம்?"

ஃபிட்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தது தப்பாகப் போய்விட்டது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. வாக்கெடுப்பில் அவரும் கையைத் தூக்கினார்.

அவரேதான் வழியும் சொன்னார். ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டு எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம். விரல் போனவர்கள் எங்களில் உண்டு. காலத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் ஒரு நாள் நிறுத்தி, வெளியாட்களை வைத்து ஒரேயடியாகக் கழுவினால் விரலும் மிஞ்சும், நாளும் கிடைக்கும். அதையே கேட்டோம்.

மேனேஜர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கேக்கறது எந்திரம் கழுவறதுக்கா, இல்ல வீட்ல சாப்பிடறதுக்கா?"

"ரெண்டுக்கும் கை வேணும் சார்" என்றேன்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அரை நாள் பெல்ட்டை நிறுத்தினோம். அப்புறம் ஒப்புக்கொண்டார். பாய்லரும் அணையும், லாரியும் ஓடாது என்று கையெழுத்தானது. நாளை முன்கூட்டியே குறித்துத் தர வேண்டும் என்று பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள். நியாயம்தான். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் லீவு கேட்க வேண்டுமே. வழக்கமாகத் தக்காளி கொட்டுகிற வாரமாகப் பார்த்துத் தேதி குறித்தோம். கத்தியம்மா அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டார். அவளுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது, அந்தத் தேதிக்கு மட்டும்.

தக்காளிக்கு யாரும் தேதி சொல்லவில்லை.

அந்த வருஷம் வெயில் வர மறுத்தது. மேகம் வந்து உட்கார்ந்துகொண்டு போகாமல் இருந்தது. செடியெல்லாம் காய், எல்லாம் பச்சை. கம்பெனி பேருக்கு ஓடியது. மகன் தோட்டத்துப் பக்கம் போய் வரும்போதெல்லாம் கத்தியம்மா வாசலிலேயே மறிப்பார்.

"டேய், செவந்துதா?"

"கன்னம் மட்டும்மா."

"கன்னமா?"

"அதுவும் வெக்கப்பட்டுக்கிட்டு. பொண்ணு பாக்கப் போன மாதிரி இருக்கு எனக்கு."

"விளையாடாதடா. இன்னும் எத்தன நாளாகும்?"

"வெயில் அடிச்சா ஒரு வாரம், பத்து நாள். என்னைக் கேட்டா? மேலே பாத்துக் கேளு."

நான் அவரைக் கேட்டில் பார்த்துப் பேசினேன். "அம்மா, தேதியத் தள்ளச் சொல்லி மேனேஜர்கிட்ட பேசட்டுமா?"

அவர் நடந்துகொண்டே சொன்னார். "அவளுக்கு அந்த ரெண்டு நாள்தான் தோழர். அத விட்டா ஹோட்டல்ல கூட்டம் ஏறிடும். தக்காளிக்காகத் தேதியத் தள்ளினா பொண்ணு வர மாட்டா. பொண்ணுக்காகத் தேதிய வச்சா தக்காளி வராது."

"என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

"பொண்ணே வரட்டும்" என்றார்.

கடையில் சிவப்புத் தக்காளி இல்லாமல் இல்லை. எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்தது, பந்து மாதிரி உருண்டையாக. நான் வாங்கித் தருகிறேன் என்றார் ரேடியோ. கத்தியம்மா வேண்டாம் என்றுவிட்டார். "காலம் வந்துடுச்சுன்னு பொய் சொல்லி அவளுக்குச் சோறு போடவா?" என்றாராம். ரேடியோவே வாயடைத்துப் போனது அன்றைக்குத்தான்.

அந்த நாள் வந்தது. அன்று அவர்கள் வீட்டில் நடந்ததை எனக்குச் சொன்னவர் பாய்லர்காரர். கத்தியம்மாவைக் கேட்டிருந்தால் "சாப்பிட்டோம்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்.

மகள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். முன்கையில் சலவை இஸ்திரி சுட்ட தழும்புகள். கத்தியம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பெல்ட்டில் வந்த சரக்கைப் பார்ப்பது போல.

"என்னம்மா, கூடையில போடப்போறியா?" என்றாள் மகள்.

"வாயி மட்டும் பழுத்திருக்கு. உள்ள வா."

மகன் முந்தின நாள் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கிய தக்காளிக் கூடை அடுப்படியில் இருந்தது. எல்லாம் முழுசு. பளபளப்பு. எல்லாம் பச்சை. மகள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு கனமா இருக்கு!" என்றாள். "நம்ம வீட்ல தக்காளி இவ்வளவு கனமா இருந்ததே இல்ல."

"சாறு உள்ளயே இருக்கில்ல" என்றார் கத்தியம்மா. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு பூண்டு உரித்தார்.

பச்சைத் தக்காளியில் என்ன செய்தாலும் எண்ணெய் பிரியாது. அவருக்கு அது தெரியும். ஆனாலும் நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் சின்னத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தார். மகள் இரண்டு தரம் கரண்டியைக் கேட்டாள். கொடுக்கவில்லை.

சாப்பிட உட்காரும்போது ஒரு சிக்கல். அடுப்படி மேசைக்கு மூன்று நாற்காலிதான். நாலாவது எப்போது உடைந்தது என்று யாருக்கும் நினைவில்லை. கம்பெனி மூடின மாதங்களில் எல்லாரும் தரையில்தான் உட்காருவார்கள், அதனால் தேவைப்பட்டதே இல்லை. மகன் லாரியிலிருந்து மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். மூன்று பேர் உட்கார்ந்தாயிற்று. கத்தியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நீ உக்காரு."

"இதோ வந்துட்டேன், நீங்க ஆரம்பிங்க."

"இதோ வந்துட்டேன்னுதான் பதினோரு வருஷமா சொல்றா" என்றார் பாய்லர்காரர். சொல்லிக்கொண்டே ஒரு வாய் போட்டார். அடுத்த நொடி "ஆ" என்று எழுந்துவிட்டார்.

"என்னப்பா?"

"சுட்டுடுச்சு!"

பதினொரு தக்காளிக் காலம் ஆறின குழம்பு தின்ற மனிதர். தக்காளிக் குழம்பை ஊதித் தின்ன வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. கம்பெனி பாய்லரையே அடக்கி வைத்திருப்பவர், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அடுப்படியில் குதித்தார். மகன் பெட்டியோடு சரிந்து விழுந்து சிரித்தான். மகளுக்குப் புரையேறிவிட்டது. அவள் தலையைத் தட்டப் போன கத்தியம்மா, தட்டின கையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்படித்தான் அவர் உட்கார்ந்தார்.

ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். முகம் சுருங்கியது.

"இது தக்காளிக் குழம்பு இல்ல."

"நல்லாத்தான்மா இருக்கு."

"பொய் சொல்லாத. பல்லு கூசுது."

"கூசுது. இருந்தா என்ன? அங்க நான் திங்கறதுல எதுவும் கூசக்கூட கூசாது." மகள் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

மகன்தான் கேட்டான். "அப்ப இது கணக்குல சேருமா, சேராதா?"

"நாலு பேரு உக்காந்தது சேரும்" என்றார் பாய்லர்காரர், நாக்கைக் குழறிக்கொண்டு.

"தக்காளி சேராது" என்றார் கத்தியம்மா. "அவ இருக்கும்போது தக்காளி வரணும். இல்ல, தக்காளி வரும்போது அவ இருக்கணும். இது ரெண்டும் இல்ல." ஆனால் எழுந்திருக்கவில்லை. பானை காலியாகும் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தார். காலியான பிறகும் நாலு பேரும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள். யார் முதலில் எழுவது என்று யாருக்கும் பழக்கமில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போக வேண்டும், மகள் மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விடியற்காலையிலேயே மிச்சம் இருந்த பச்சைத் தக்காளியை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றி மகளின் பைக்குள் அடுக்கினார். துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுக்கினார்.

"கனக்குதும்மா."

"கனக்கட்டும். கொண்டுபோய் இருட்டுல வை. நடுநடுவுல தடவிப் பாரு, அழுத்தாத. தானா செவக்கும்."

"செவந்தா?"

"நான் எப்படிச் செய்வேனோ அப்படிச் செய்."

"நீ எப்பவும் கெட்டத வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்துலதான செய்வ?"

கத்தியம்மா இன்னொரு காயைப் பேப்பரில் சுற்றினார். "இதுல எறிய ஒண்ணும் இருக்காது. அப்படியே போடு. எண்ணெய் பிரியற வரைக்கும் அவசரப்படாத" என்றார்.

மகள் போன நாலாம் நாள் மேகம் விலகியது. வெயில் அடித்த அடியில் தோட்டமெல்லாம் ஒரே மூச்சில் சிவந்தது. லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டின. தரையில், சுவரில், தலைத்துணியில் எல்லாம் சிவப்பு. பாய்லர் அணையவில்லை. கத்தியம்மா மேசையில் நின்று பொறுக்கினார். கூடையை நிரப்பினார், கீறினார், வீட்டுக்குக் கொண்டுபோய் வற்றவைத்தார். எண்ணெய் அருமையாகப் பிரிந்தது. மூடிவைத்துவிட்டுப் படுத்தார். காலையில் வாசற்படியில் "உப்பு?" என்றார். "இருக்கு" என்றார் பாய்லர்காரர்.

"ஒரு வாரம்தான் தோழர்" என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். "ஒரு வாரம் முன்ன வந்திருக்கக் கூடாதா இந்த வெயில்?" எனக்கு எதிரி என்றால் பெயர் தெரிய வேண்டும், அறை தெரிய வேண்டும், கதவைத் தட்ட வேண்டும். வெயிலிடம் எந்தக் கதவைத் தட்டுவது?

அந்தச் சமயத்தில்தான் ஒரு டீ இடைவேளையில் நான் தகரக் கொட்டகையில் இருந்தேன். போன் அடித்தது. கத்தியம்மாவின் கை முழங்கைவரை தக்காளிச் சாறு. ரேடியோ போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார். அதனால் எல்லாரும் கேட்டோம்.

"அம்மா, செவந்துடுச்சு!"

"எல்லாமா?"

"எல்லாமே. ஒண்ணுகூட அழுகல. நேத்து செஞ்சேன்."

"எண்ணெய் பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுதும்மா. ஓரத்துல நின்னுச்சு. மாடிப்படி வரைக்கும் வாசனை. மேல் மாடிக்காரி எறங்கி வந்து என்ன அதுன்னு கேட்டா."

கத்தியம்மா கையைத் துடைக்காமல் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "புளிப்பு?"

"இல்ல. இனிப்புதான் கொஞ்சம்."

"கொஞ்சம் இனிப்பா இருக்கணும். அதான் சரி." அவர் குரல் தணிந்துவிட்டது. "தனியா சாப்பிட்டியா?"

"தனியாவா? நல்லா கேட்ட. ரூம்ல இருக்கிறவளுங்க விடுவாளுங்களா? துணி மடிக்கிற அக்காவும் வந்துட்டாங்க. கீழ பெட்ஷீட்ட விரிச்சு, சட்டிய நடுவுல வச்சு, எல்லாரும் சுத்தி உக்காந்துட்டோம். நைட் ஷிஃப்டுக்குப் போறவ தூங்கிட்டு இருந்தா. அவளையும் எழுப்பி உக்கார வச்சுட்டேன்."

"எழுப்பிட்டியா?"

"பின்ன? அவ எழுந்திரிக்கும்போது ஆறிடும்மா."

உள்ளே பெல்ட் கிளம்பும் மணி அடித்தது. பெண்கள் எழுந்து தலைத்துணியை இறுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ரேடியோ மட்டும் போனை நீட்டிப் பிடித்தபடி நின்றார்.

"ஒரே நேரத்துலயா?" என்றார் கத்தியம்மா. "எல்லாரும் ஒண்ணா உக்காந்தா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணாத்தாம்மா."

"எத்தன பேரு?"

ஏழு.